ஓசி எஸ்எம்பிஎஸ்ஸும் இருபதாயிரம் ரூபாய் கிராபிக்ஸ் கார்டும்

"அண்ணா, இந்த கார்டை இந்த எஸ்எம்பிஎஸ் தாங்குமா?"

"450 வாட்டுன்னு போட்டிருக்கு பாரு தம்பி. தாராளமா தாங்கும்."

தர்மபுரியோ, சேலமோ, பெங்களூர் எஸ்.பி. ரோடோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ... கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற எந்தத் தெருவில் போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்கிறவனுக்கு வயசு பத்தொன்பது, இருபது. கையில் இருப்பது பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன அப்பா அனுப்பிய காசு, அல்லது பாலக்கோட்டில் தக்காளி நல்ல விலைக்குப் போன ஒரு வாரத்தின் மிச்சம். அவனுக்குக் கிடைக்கிற அந்தப் பதில் பொய். தெரிந்து சொன்னால் மோசடி. தெரியாமல் சொன்னால் அந்தக் கடைக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கலாம் (மளிகைக் கடைக்காரர்கள் மன்னிக்க, அங்கே தராசாவது சரியாக இருக்கும்).

ஊரெல்லாம் சொல்லும் உபதேசம் ஒன்று உண்டு. "இருக்கிற காசை எல்லாம் கார்டில் போடு, மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்." யூடியூபில் சொல்கிறார்கள், ஹாஸ்டலில் சொல்கிறார்கள், கடையிலும் சொல்கிறார்கள். காசு இருக்கிறவனுக்கு வேண்டுமானால் இது சரி, போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வான். காசில்லாதவனுக்கு இது தலைகீழ். அவன் முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கேபினட்டோடு ஓசியில் வந்த எஸ்எம்பிஎஸ்ஸை. மீதிக் காசுக்கு என்ன கார்டு வருகிறதோ அதுதான் அவனுடைய கார்டு. இதைச் சொன்னால் "போடா பெருசு" என்பார்கள். பரவாயில்லை, கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரின் முன்பக்கம் பெரிசாக 450 என்று இருக்கும். அதை விடுங்கள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். 3.3 வோல்ட்டுக்கு இவ்வளவு ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு இவ்வளவு, 12 வோல்ட்டுக்கு இவ்வளவு என்று. பார்க்க வேண்டியது 12 வோல்ட் மட்டும்தான். 2000-ல் பென்டியம் 4 வந்தபோதே பிராசஸர் 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. ஓசி எஸ்எம்பிஎஸ்களில் அந்த இடத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருப்பது சாதாரணம். பெருக்கிப் பாருங்கள். 12 × 16 = 192 வாட். 450 எங்கே போச்சு? மிச்சம் எல்லாம் இன்றைய கம்ப்யூட்டருக்கு அவ்வளவாகத் தேவைப்படாத 3.3-லும் 5-லும் எழுதி வைத்த எண்கள். அந்த 192-ம் அந்தக் கம்பெனி தானே ஒப்புக்கொண்ட அளவு, அவ்வளவுதான். அதையாவது நிஜமாகத் தருமா என்று யாரும் சோதிக்கவில்லை. ஒழுங்கான ஒரு 450 வாட் சப்ளையில் இதே இடத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். அதாவது சொன்ன வாட்டில் கிட்டத்தட்ட எல்லாமே 12 வோல்ட்டில்.

இப்போது செலவுப் பக்கம். பட்ஜெட் ஆட்கள் அதிகம் வாங்கும் செகண்ட் ஹேண்ட் கார்டு ஆர்எக்ஸ் 580. 2017-ல் வந்தது, 185 வாட் தின்னும். அதோடு ஒரு ஐ3-12100எஃப் சேர்த்தால் அது முழு வேகத்தில் 89 வாட் வரை போகும். இரண்டுமே 274. ஃபேன், டிஸ்க், போர்டு என்று இன்னும் கொஞ்சம். சுமார் 300 வாட் கேட்கிற மெஷினுக்கு 192 வாட் சப்ளை. பி.காம் முதல் வருஷ அக்கவுண்டன்சியில் இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டுக் கொடுத்தால் வாத்தியார் பேப்பரை மூஞ்சியில் எறிவார். கடையில் மட்டும் "தாராளமா தாங்கும்".

தாங்காதபோது என்ன ஆகும்? நல்ல சப்ளையாக இருந்தால் அளவு மீறியதும் தானே அணைந்துவிடும். ஓசியில் அந்தப் பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் பெயருக்குத்தான். 12 வோல்ட் 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம் என்பது விதி, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. இங்கே அது போகும். கேம் நடுவில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். பையன் விண்டோஸைத் திரும்பப் போடுவான், ரேமைக் கழற்றித் துடைப்பான், டிரைவரை மாற்றுவான். ஒரு மாசம் இப்படியே போகும். அப்புறம் ஒரு நாள் பட்டாசுச் சத்தம், கருகின நாத்தம். எஸ்எம்பிஎஸ் மட்டும் செத்தால் அதிர்ஷ்டம். பல நேரம் போர்டையும் கார்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். ஆயிரம் ரூபாய்கூடப் பெறாத சாமான் இருபதாயிரத்தைக் கொண்டுபோகிற கதை இது.

"என் ஃபிரெண்டு மூணு வருஷமா இதே எஸ்எம்பிஎஸ்ஸில் ஓட்டறான், ஒண்ணும் ஆகலை" என்று உடனே ஒருவர் வருவார். இருக்கலாம். ஹெல்மெட் இல்லாமல் தொப்பூர் கணவாயை இறங்கி வீடு வந்து சேர்ந்தவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வராதவர்கள் வந்து அனுபவம் சொல்வதில்லை. தவிர, அந்த ஃபிரெண்டு என்ன கார்டு வைத்திருக்கிறான், தினமும் என்ன ஓட்டுகிறான் என்று கேளுங்கள். பாதி நேரம் படம் பார்ப்பான்.

இதில் கொடுமை அடாப்டர்தான். கார்டில் ஆறு பின், எட்டு பின் சாக்கெட் இருக்கும், ஓசி எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இருக்காது. அந்த ஒயர் இல்லை என்பதே "இந்த கார்டுக்கு நான் ஆள் இல்லை" என்று அந்த டப்பா நேர்மையாகச் சொல்வது. கடையில் உடனே ஒரு ஒயரை எடுப்பார்கள். ஒரு பக்கம் சாட்டா, மறுபக்கம் ஆறு பின். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியருக்குத்தான் அளவு, 54 வாட். ஆறு பின் சாக்கெட் கேட்க உரிமை உள்ளது 75 வாட். எட்டு பின் கேட்பது 150. அந்த ஒயர் உருகாமல் என்ன செய்யும்?

சரி, இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். தர்மபுரிக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது, கரண்ட்.

2012 வாக்கில் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அந்த நிலை இல்லை. ஆனால் பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டால் வீட்டில் பல்பு மங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180-க்கு இறங்கும். மழை இடி என்றால் திடீரென்று எகிறும். ஓசி எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ள உள்ளே பெரிய கெப்பாசிட்டரும் கிடையாது, இடி வந்தால் தன் தலையில் வாங்கிக்கொள்கிற சின்ன வட்டமான பாகம் ஒன்று இருக்க வேண்டும், பலவற்றில் அதற்கான இடம் காலியாக இருக்கும். பின்னால் ஒரு சிவப்பு ஸ்விட்ச் வேறு, 115-230 என்று. தம்பி தங்கச்சி யாராவது விளையாட்டாகத் தள்ளிவிட்டால் டமால்.

பிராண்ட் சப்ளை வாங்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. சிலதில் இன்புட் 200-240 வோல்ட் என்று இருக்கும், சிலதில் 100-240 என்று இருக்கும். பெங்களூர் அபார்ட்மெண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மோட்டார் ஓடும் ஊருக்கு இரண்டாவதுதான் வேண்டும். 180-க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும், தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை. இந்த ஒரு வரியை எந்த "டாப் 5 பட்ஜெட் பிஎஸ்யூ" வீடியோவிலும் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த வீடியோக்கள் மோட்டார் ஓடும் ஊரில் எடுக்கப்படுவதில்லை.

யுபிஎஸ்ஸும் அப்படித்தான். 600 விஏ என்பது 600 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட். 300 வாட் மெஷினும் மானிட்டரும் அதிலேயே போட்டு கேம் ஆடினால் கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் கூடவே போகும். அது சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ணத்தான். அதில் இன்னொரு சிக்கல், மலிவு யுபிஎஸ் தருவது சுத்தமான சைன் அலை இல்லை. சில நல்ல சப்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் மாறும் நேரத்தில் அணைந்துவிடும். முடிந்தால் வாங்குமுன் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? பயந்து போய் கார்டில் கோளாறு என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. வீட்டு ப்ளக்கில் எர்த் இல்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய்தான் இந்தப் பட்டியலிலேயே மலிவான அப்கிரேடு.

கார்டுக்கு வருவோம். இங்கே வேறு வகை ஏமாற்று, பெயரில். எந்த கார்டானாலும் ஸ்லாட்டில் இருந்து 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஓடுகிற கார்டுக்கு தனி ஒயரே வேண்டாம். பட்ஜெட் ஆளுக்குக் கடவுள் கொடுத்த ரகம் இது. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் 75 வாட். 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட். இதில் 1050 டிஐ-யை இன்று வாங்க வேண்டாம், புதுக் கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் தள்ளிவிட நிறையப் பேர் காத்திருப்பார்கள், ஜாக்கிரதை.

அந்த 3050 விஷயத்தைப் பாருங்கள். 2022-ல் அதே பெயரில் ஒரு 8 ஜிபி கார்டு வந்தது. அது 130 வாட், தனி ஒயர் வேண்டும், உள்ளே கோர்களும் அதிகம். இரண்டும் வேறு வேறு கார்டு. மெமரிதான் குறைவு என்று நினைத்து வாங்குகிறவன் வேகத்தையும் சேர்த்து இழக்கிறான். ஜிடி 1030-ல் நடந்தது இன்னும் அநியாயம். 2018-ல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்றை விட்டார்கள், மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபியில் இருந்து 17-க்கும் கீழே. டப்பாவில் பெயர் அதே பெயர். அரிசிக் கடையில் பொன்னி என்று மூட்டையில் எழுதி ரேஷன் அரிசியைப் போட்டால் சும்மா விடுவோமா?

"4 ஜிபி கார்டு தம்பி" என்று ஜிடி 730-ஐ நீட்டுவது இன்னொரு கலை. 2014 சரக்கு அது. ஜிபி என்பது கோணிப்பையின் அளவு, அரைக்கிற மிஷினின் வேகம் அதில் தெரியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் வேறு கதை. அது ஸ்லாட்டில் நாலே நாலு லேன்தான் பயன்படுத்தும். புது போர்டில் சமாளிக்கும், பட்ஜெட் ஆளிடம் இருக்கிற பழைய போர்டில் நன்றாகவே அடி வாங்கும். யாருக்காக விற்கிறார்களோ அவனிடம்தான் சரியாக ஓடாது.

செகண்ட் ஹேண்டில் இன்னும் உஷார் வேண்டும். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் தன் முறையை மாற்றியதோடு கார்டு வைத்து காயின் தோண்டும் பிழைப்பு படுத்துவிட்டது. இரவும் பகலும் ஓடிய கார்டுகள் துடைத்து மினுக்கிச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாம் கெட்டவை என்று சொல்ல முடியாது, ஆனால் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கில் வையுங்கள். அதைவிட மோசம், பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்பது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018-லேயே இந்த மாதிரிப் போலிகளைக் கண்டுபிடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டது. காசைக் கொடுக்குமுன் மெஷினில் போட்டு அதை ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். பேச்சே வேண்டாம், வண்டியை எடுங்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதில்லை. பெங்களூர் கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், ஹெச்பி ஆபீஸ் மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் 240, 290 வாட் என்று சின்னதாகத்தான் போட்டிருக்கும். பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் அந்த எண் நிஜம். 290 வாட் டெல் டவர் ஒரு 75 வாட் கார்டை அலட்டிக்கொள்ளாமல் தூக்கும், ஓசி 450 தூக்குமா என்பது சந்தேகம். அந்த டெல்களில் பலவற்றில் போர்டு கனெக்டரே வேறு மாதிரி, சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதனால் அங்கே சப்ளையைத் தொடாமல் 1650-யோ 3050 6 ஜிபி-யோ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒல்லி கேபினட் என்றால் குட்டை கார்டு கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவே.

எதிர்ப்பக்கம் ஒரு கோஷ்டி இருக்கிறது, "கோல்டு ரேட்டிங் இல்லாமல் வாங்கவே கூடாது" என்று. இவர்களும் பாவம் செய்கிறவர்கள்தான். 80 பிளஸ் என்பது 2004-ல் ஆரம்பித்த முத்திரை, கரண்ட்டை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. பாதுகாப்பு பற்றி ஒன்றும் சொல்லாது. சோதனையும் சுமார் 23 டிகிரி அறையில். மே மாசம் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் 23 டிகிரிக்கு எங்கே போவது? 250 வாட் மெஷினை தினம் நாலு மணி நேரம் ஓட்டினால், 85 சதவீத சப்ளைக்கும் 90 சதவீத சப்ளைக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாச பில்லில் நாலு யூனிட்கூட இல்லை. இதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் அதிகம் கொடுப்பது, வட்டிக்கு வாங்கி உண்டியலில் போடுகிற மாதிரி. அதற்குப் பதில் எத்தனை டிகிரியில் அந்த வாட் கிடைக்கும் என்று கம்பெனி எழுதியிருக்கிறதா பாருங்கள். 40 அல்லது 50 டிகிரி என்று தைரியமாக எழுதுகிறவன் பரவாயில்லை.

பிராண்ட் பெயரும் ஜாதகம் இல்லை. 2021-ல் உலகம் முழுக்க கார்டு தட்டுப்பாடு. அமெரிக்காவில் நியூஎக் என்ற பெரிய கடை, கார்டு வேண்டுமானால் கூடவே கிகாபைட் 750 வாட் சப்ளையும் வாங்கு என்று கட்டித் தலையில் கட்டியது. அந்த மாடல்கள் புகை விட்டும் வெடித்தும் சாக, கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைக் குழு படம் பிடித்துக் காட்டியது. ஆகஸ்டில் கிகாபைட்டே அளவு மீறினால் அணைகிற வரம்பைக் குறைப்பதாகவும், மாற்றித் தருவதாகவும் அறிவித்தது. அங்கே மாற்றியாவது கொடுத்தார்கள். கவனிக்க வேண்டியது, அந்தச் சரக்கு எப்படி ஜனங்களிடம் வந்தது என்பதை. தனியாக யாரும் கேட்டு வாங்கவில்லை, இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கே கேபினட்டோடு வருகிற எஸ்எம்பிஎஸ் மாதிரியே. ஓசியாக வருவதற்கு விலை இல்லை என்று யார் சொன்னது? கேபினட் விலைக்குள் இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வசதி.

கடைசியாக பில். "பில் இல்லாம எடுத்துக்கோ தம்பி, குறைச்சுத் தரேன்." கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். இருபதாயிரம் ரூபாய் கார்டில் வரி மட்டும் மூவாயிரத்து ஐம்பது. அதில் ஆயிரத்தைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாயிரத்தைக் கடை எடுத்துக்கொள்கிறது. பையன் கொண்டுபோவது வாரண்டி கேட்க வழியில்லாத ஒரு டப்பா. சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் சேலத்திலோ பெங்களூரிலோ, அங்கே போய் நின்றால் முதல் கேள்வியே பில்தான். பஸ் சார்ஜும் தண்டம்.

பில் கொடுக்காமல் இருப்பது கடைக்காரரின் பெருந்தன்மையும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47), பில் தராததை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே எழுதி வைத்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் ஒரு போன் போதும் என்றால் 1915. பில்லில் மாடல் பெயரை முழுசாக எழுதச் சொல்லுங்கள், "கிராபிக்ஸ் கார்டு 1" என்று எழுதினால் வாங்காதீர்கள், 3050-யா எந்த 3050 என்று இருக்கட்டும், 6 ஜிபியா 8 ஜிபியா என்பதோடு. எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதே மாதிரி, சீரியல் நம்பரோடு.